ஊரே பார்த்த தொடர் நட்டத்தில் முடிந்தது எப்படி? பிரிட்டிஷ் டிவி நாடகங்களின் பட்ஜெட் கணக்கு

2024 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் ஐடிவி சேனலில் நான்கு எபிசோட் கொண்ட ஒரு நாடகத் தொடர் தொடங்கியது. பெயர் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்'. 'ஹொரைசன்' என்ற மென்பொருள் காட்டிய தப்புக் கணக்கை நம்பி, கிளைத் தபால் நிலையங்களை நடத்திய நூற்றுக்கணக்கானோர் மீது போஸ்ட் ஆபீஸ் நிறுவனமே திருட்டு, மோசடி வழக்குப் போட்ட உண்மைச் சம்பவம்தான் கதை. ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். தொடர் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, புதுச் சட்டம் கொண்டுவருவதாக அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார். மே மாதம் சட்டம் நிறைவேறி, அந்தத் தண்டனைகள் கொத்தாக ரத்தாயின. இருபது வருடமாக நடந்த போராட்டத்தை நான்கு இரவுகளில் நாட்டின் பேச்சாக்கிய தொடர் அது.

அப்புறம் வந்த செய்திதான் பலரைக் குழப்பியது. இந்தத் தொடரால் சுமார் 10 லட்சம் பவுண்ட் நட்டம் என்றார் ஐடிவியின் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் கெவின் லைகோ. அடுத்த ஆண்டு நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த அதன் நிர்வாகத் தயாரிப்பாளர் பேட்ரிக் ஸ்பென்ஸ், இன்றைய நிலவரத்தில் இதே தொடரை எடுக்கவே முடியாது என்றார்.

இவ்வளவு பேர் பார்த்த பிறகும் நட்டம் எப்படி வரும்? படம் ஓடினால் லாபம், ஓடாவிட்டால் நட்டம் என்று சினிமாக் கணக்கில் பழகிய நமக்கு இது விளங்காததில் ஆச்சரியமில்லை. டிவி நாடகத்தில் பார்த்தவர்களின் எண்ணிக்கையும் தயாரித்தவருக்கு வரும் பணமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல. இரண்டுக்கும் நடுவே 'ரைட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அது யார் கையில் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

யாரிடமிருந்து சுயாதீனம்?

பிரிட்டிஷ் டிவி துறையில் 'இண்டி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சுயாதீனத் தயாரிப்பு நிறுவனம். நம் ஊரில் 'சுயாதீன சினிமா' என்றால் சின்ன பட்ஜெட், பெரிய நடிகர் இல்லை, ஒரு கலகக் குணம் என்று மனதில் ஒரு படம் வரும். பிரிட்டிஷ் டிவியில் அந்தச் சொல்லுக்கு அப்படி எந்த ரொமான்ஸும் கிடையாது. சட்டம் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த நிறுவனம் ஒளிபரப்பு நிறுவனத்துக்குச் சொந்தமா, இல்லையா? பிரிட்டனில் சேனல் நடத்தும் ஒருவர் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்தால், அந்த நிறுவனம் சட்டப்படி இண்டி அல்ல. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆபீஸாக இருந்தாலும் சரி.

இந்த வரையறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

1. 1980களின் தொடக்கம் வரை பிபிசியும் ஐடிவியும் தங்கள் நாடகங்களைத் தாங்களே எடுத்தன. எழுத்தாளர், இயக்குநர், கேமராக்காரர், தச்சர் வரை பெரும்பாலோர் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். வெளியாள் உள்ளே நுழைய வாசல் கிடையாது.

2. 1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 தொடங்கியது. தானே நிகழ்ச்சி தயாரிக்காமல் வெளியிலிருந்து வாங்கி ஒளிபரப்பும் சேனல் அது. புத்தகப் பதிப்பாளரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது வேறொருவர், வெளியிடுவது இவர். சிறு தயாரிப்பு நிறுவனங்கள் காளான்போல முளைத்தது இதற்குப் பிறகுதான். இடதுசாரிகளும் சோதனை முயற்சிக்காரர்களும் கொண்டாடிய இந்தச் சேனலுக்குச் சட்டம் போட்டது மார்கரெட் தாட்சரின் அரசு. சந்தைப் போட்டி வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள், மாற்றுக் குரல் வேண்டும் என்று இவர்கள் நினைத்தார்கள். இருவருக்கும் ஒரே சேனல் கிடைத்தது.

3. 1990இல் வந்த ஒளிபரப்புச் சட்டம், தகுதியுள்ள நிகழ்ச்சி நேரத்தில் 25 சதவீதத்தை இண்டிகளிடம் வாங்கியே ஆக வேண்டும் என்றது. பிபிசிக்கும் ஐடிவிக்கும் வாசலைத் திறக்கும் கட்டாயம் வந்தது.

4. 2003இல் வந்த தகவல்தொடர்புச் சட்டம்தான் உண்மையான திருப்பம். அதுவரை சேனல் முழுச் செலவையும் கொடுத்து, மேலே ஒரு கூலியும் கொடுத்து, உரிமை அத்தனையையும் எடுத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் கிட்டத்தட்ட ஒரு மேஸ்திரி மாதிரி. வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். 2003 சட்டத்தின் பின் வந்த விதிமுறைகள் இதைத் தலைகீழாக்கின. பொதுச்சேவைச் சேனல்கள் (பிபிசி, ஐடிவி, சேனல் 4 போன்றவை) குறிப்பிட்ட காலத்துக்கு, தங்கள் நாட்டில் ஒளிபரப்பும் உரிமையை மட்டும் வாங்க வேண்டும். மிச்ச உரிமைகள் தயாரிப்பாளரிடமே இருக்கும். மேஸ்திரி வீட்டுச் சொந்தக்காரர் ஆனார், சேனல் வாடகைக்காரர் ஆனது.

தயாரிப்பாளர்களின் சங்கமான 'பாக்ட்' போராடிப் பெற்றது இது. பிரிட்டிஷ் நாடகங்கள் உலகம் முழுக்க விற்பனையாகும் தொழிலாக வளர்ந்ததற்கு ஷேக்ஸ்பியர் மரபு, நல்ல நடிகர்கள் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ இந்த உலர்ந்த சட்டப் பிரிவுக்குத்தான் முதல் மாலை போட வேண்டும் என்று தோன்றுகிறது.

கேமரா ஓடுவதற்கு முந்தைய செலவு

பார்வையாளர் கண்ணில் படாத கட்டம் இது. சின்ன நிறுவனங்கள் கரைவதும் இங்கேதான்.

ஒரு நாவலோ உண்மைச் சம்பவமோ கிடைத்தால் அதற்கு முன்பணம் கொடுத்து, ஒன்றோ இரண்டோ வருடத்துக்கு வேறு யாருக்கும் தராமல் பிடித்து வைக்க வேண்டும். எழுத்தாளருக்குப் பணம் கொடுத்துச் சுருக்கக் கதை, பிறகு முதல் எபிசோட் ஸ்கிரிப்ட் எழுதவைக்க வேண்டும். உண்மைக் கதை என்றால் ஆய்வாளர் வேண்டும், அவதூறு வழக்கு வராமலிருக்க வக்கீல் வேண்டும். ஸ்கிரிப்ட் எடிட்டர் என்று ஒருவர் எழுத்தாளரோடு உட்கார்ந்து வரைவுக்கு மேல் வரைவாகத் தேய்ப்பார். இவ்வளவுக்கும் பிறகு சேனலின் நாடகப் பிரிவு "வேண்டாம்" என்றால் கதை அலமாரிக்குப் போகும். சேனல் சில வேளைகளில் இந்த வளர்ப்புச் செலவில் ஒரு பகுதியைத் தரும். ஆபீஸ் வாடகையையும் ஆட்களின் சம்பளத்தையும் தராது.

ஒரு சொல் விளக்கம்: பிரிட்டிஷ் டிவி செய்திகளில் 'கமிஷன்' என்று வந்தால் தரகுப் பணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சேனல் "எடுங்கள்" என்று தரும் ஆர்டர்தான் கமிஷன். 'கிரீன்லைட்' என்பது அதற்கும் அடுத்த படி, அதாவது பணம் முழுக்கச் சேர்ந்து படப்பிடிப்புத் தேதி குறிப்பது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்தால் இப்போதைய நெருக்கடியே புரியாது. ஆர்டர் கிடைத்தும் கிரீன்லைட் ஆகாமல் தொங்கும் தொடர்கள்தான் இன்றைய பிரச்சினை.

துண்டு விழும் பட்ஜெட்

சரி, ஆர்டர் வந்துவிட்டது. சேனல் முழுப் பணமும் தருமா? தராது. உரிமை முழுவதையும் வாங்கவில்லையே, ஏன் முழுப் பணம் தர வேண்டும்? 2003 ஏற்பாட்டின் மறுபக்கம் இது. வீடு உன்னுடையது என்றால் கட்டும் செலவில் உன் பங்கும் உண்டு.

ஒரு மணி நேர நாடகத்துக்கு 20 லட்சம் பவுண்ட் செலவு என்று வைத்துக்கொள்வோம். புரிவதற்காக நான் போடும் எண்கள் இவை. எந்தத் தொடரின் கணக்கும் அல்ல.

1. சேனல் தரும் உரிமைக் கட்டணம்: 11 லட்சம். இது உறுதியான பணம். ஆனால் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுதான்.

2. வரிச் சலுகை: சுமார் 4 லட்சம். 2013 ஏப்ரலில் வந்தது. அதற்குமுன் பிரிட்டிஷ் கதைகளையே ஹங்கேரியிலும் பெல்ஜியத்திலும் போய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 10 லட்சம் பவுண்டாவது செலவாகும் தொடர்களுக்கு மட்டும் இது கிடைக்கும். அதோடு பிரிட்டிஷ் தன்மை இருக்கிறதா என்று ஒரு பண்பாட்டுத் தேர்வும் உண்டு. 35 மதிப்பெண்ணுக்கு 18 எடுத்தால் பாஸ். 2024 முதல் நடைமுறையில் உள்ள முறைப்படி, தகுதியான செலவில் 80 சதவீதம் வரை கணக்கில் எடுத்து, அதற்கு 34 சதவீதம் சலுகை தருகிறார்கள். அந்தச் சலுகைக்கே வரி உண்டு என்பதால் கையில் நிற்பது 25.5 சதவீதம். நம் உதாரணத்தில் 20 லட்சமும் பிரிட்டனிலேயே செலவாகித் தகுதி பெற்றால் 16 லட்சத்துக்கு 25.5 சதவீதம், 4 லட்சத்துக்குச் சற்று மேல்.

3. விநியோகஸ்தர் முன்பணம்: 3 லட்சம். நம் சினிமாக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த 'எம்ஜி' தான் இது. இந்தத் தொடரை வெளிநாடுகளில் விற்றால் இவ்வளவாவது வரும் என்று கணித்து, விநியோகஸ்தர் முன்கூட்டியே தரும் பணம். பிறகு விற்பனை நடக்கும்போது முதலில் தன் தரகையும் செலவையும் முன்பணத்தையும் எடுத்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் தயாரிப்பாளருக்குத் தருவார்.

4. கூட்டுத் தயாரிப்பாளர்: 2 லட்சம். பெரும்பாலும் அமெரிக்கச் சேனல். 'டவுன்டன் ஆபி' போன்ற தொடர்களுக்கு அமெரிக்கப் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்சின் 'மாஸ்டர்பீஸ்' பிரிவு கூட்டாக நின்றது.

நான்கையும் கூட்டினால் 20 லட்சம், கணக்கு நேராகிவிட்டது. இதில் சேனல் பணத்துக்கும் மொத்தச் செலவுக்கும் நடுவே துண்டு விழும் 9 லட்சத்தை நிரப்புவதுதான் தயாரிப்பாளரின் முக்கிய வேலை. ஆங்கிலத்தில் இதற்குக் கனமான பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் 'துண்டு' என்றே சொல்வோம்.

இதில் இன்னொரு நுணுக்கம். வரிச் சலுகைப் பணம் படப்பிடிப்பு நாளில் கைக்கு வராது. கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் வரித்துறை தரும். யூனிட்டுக்கோ வாரச் சம்பளம். அதனால் "அரசு தரப்போகும் பணம்" என்ற பத்திரத்தைக் காட்டி வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனிக் கம்பெனி பதிவு செய்வதும் இதை ஒட்டித்தான். கடன், காப்பீடு, வரி எல்லாம் அந்தத் தொடரோடு நிற்க வேண்டும்; ஒன்று மூழ்கினால் தாய் நிறுவனத்தையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

எங்கே எடுப்பது என்பதும் இந்தக் கணக்குக்குள் வருகிற கேள்விதான். டைகர் ஆஸ்பெக்ட் நிறுவனம் ஐடிவிக்காக 2017 முதல் 2022 வரை எடுத்த 'தி குட் கர்மா ஹாஸ்பிட்டல்' தென்னிந்தியாவில் நடப்பதாகக் கதை. படம்பிடித்தது இலங்கையின் உனவட்டுனாவில். திரையில் வரும் தென்னிந்தியக் கடற்கரை உண்மையில் காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ரைட்ஸ்தான் சொத்து

துண்டை நிரப்ப இவ்வளவு அலைச்சல் ஏன்? முழுப் பணம் தருகிறவரிடம் போய்விடலாமே? போகாததற்குக் காரணம், கையில் மிஞ்சும் உரிமை. ஒரு தொடரின் உரிமை என்பது ஒரே பொருள் அல்ல:

1. வேறு நாடுகளின் சேனல்களுக்கும் ஓடிடி தளங்களுக்கும் விற்கும் உரிமை.
2. முதல் சேனலின் காலம் முடிந்தபின் உள்நாட்டிலேயே மறுபடி விற்கும் உரிமை.
3. வேற்று மொழியில் மறுஆக்கம் செய்யும் உரிமை.
4. அடுத்த சீசன், கிளைக் கதை, திரைப்படம் எடுக்கும் உரிமை.

பத்துத் தொடரில் ஒன்று பிய்த்துக்கொண்டு ஓடினால், இந்த நான்கிலிருந்தும் வருடக்கணக்கில் பணம் வரும். மற்ற ஒன்பது தொடர்களின் வளர்ப்புச் செலவையும் அதுதான் தாங்கும்.

இதன் மதிப்பை ஒருவர் ஒரே முடிவில் காட்டினார். எழுத்தாளரும் நடிகையுமான மிகேலா கோல். 2017இல் தன் அடுத்த தொடருக்கு நெட்ஃபிளிக்ஸ் 10 லட்சம் டாலர் தர முன்வந்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். உரிமையில் ஒரு சிறு பங்காவது வேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பிபிசிக்குப் போனார். அங்கே உரிமையும் படைப்புச் சுதந்திரமும் கிடைத்தன. அதுதான் 2020இல் பிபிசியும் எச்பிஓவும் வெளியிட்ட 'ஐ மே டிஸ்ட்ராய் யூ'.

ஓடிடி வந்ததும் பழைய மேஸ்திரி திரும்பினார்

நெட்ஃபிளிக்ஸ் பிரிட்டனில் 2012 ஜனவரியில் நுழைந்தது. இதுபோன்ற உலகத் தளங்களின் வழக்கமான ஒப்பந்தம் வேறு மாதிரி. முழுச் செலவையும் தருவார்கள், மேலே ஒரு சதவீதம் லாபமும் தருவார்கள். துண்டு இல்லை, அலைச்சல் இல்லை, வட்டிக் கடன் இல்லை. பதிலுக்கு உலக உரிமையைப் பெரும்பாலும் முழுதாகவோ மிக நீண்ட காலத்துக்கோ எடுத்துக்கொள்வார்கள்.

இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2003க்கு முந்தைய மேஸ்திரி ஒப்பந்தம்தான், அச்சு அசல். உரிமை தயாரிப்பாளருக்கே என்ற விதி பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5, வேல்ஸ் மொழிச் சேனலான எஸ்4சி ஆகிய பொதுச்சேவைச் சேனல்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சட்டம் எழுதிய காலத்தில் நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்தது. அதை யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

2025 மார்ச்சில் வந்த 'அடோலசன்ஸ்' இதற்குச் சரியான உதாரணம். ஷெஃபீல்டு நகரத்தின் வார்ப் ஃபிலிம்ஸ், நடிகர் ஸ்டீபன் கிரகாமின் மேட்ரியார்க், பிராட் பிட்டின் பிளான் பி மூன்றும் சேர்ந்து எடுத்த நான்கு எபிசோடுகள். ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். முதல் மூன்று மாதத்தில் 14 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. 15 வயது ஓவன் கூப்பர் எம்மி விருது வாங்கினார். பள்ளிகளில் இலவசமாகக் காட்டும் ஏற்பாட்டைப் பிரதமர் ஸ்டார்மரே ஆதரித்தார். இந்தப் புகழ் அந்த நிறுவனங்களுக்கு அடுத்த ஆர்டரை எளிதாக்கும். ஆனால் இந்த மாதிரி ஒப்பந்தத்தில், பார்வை 1 கோடியோ 14 கோடியோ, தயாரிப்பாளருக்குப் பேசிய தொகை பேசிய தொகைதான். நாடு நாடாகப் போய் விற்க எதுவும் கையில் இல்லை.

ஐடிவி தொடர் ஊரே பார்த்தும் நட்டம். நெட்ஃபிளிக்ஸ் தொடர் உலகமே பார்த்தும் பெரிய லாபம் இல்லை. இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். முதலாவதில் உரிமை உள்நாட்டில் இருந்தது, வெளிநாட்டில் அதற்குப் போதுமான விலை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் தபால் நிலையக் கதைக்கு வேறு நாட்டுச் சேனல் என்ன பெரிதாகத் தந்துவிடும்? இரண்டாவதில் விலை இருந்தது, உரிமை இல்லை.

கணக்கு எங்கே உடைந்தது

முன்பு போட்ட 20 லட்சம் உதாரணத்துக்கே திரும்பி வருவோம். கடந்த சில ஆண்டுகளில் அதன் ஒவ்வொரு இனமும் ஆடிப்போனது.

1. மொத்தச் செலவு ஏறியது. ஓடிடி தளங்களின் பெரிய தொடர்கள் ஸ்டுடியோக்களையும் நல்ல டெக்னீஷியன்களையும் கூடுதல் விலைக்கு எடுத்தன. 20 லட்சத்தில் முடிந்தது அதே தொகையில் முடிவதில்லை. பிபிசியிடம் வேலை செய்கிறவருக்கும் நெட்ஃபிளிக்ஸ் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

2. சேனல் பணம் ஏறவில்லை. பிபிசியின் வருமானமான, வீடுகள் ஆண்டுதோறும் கட்டும் டிவி உரிமக் கட்டணம் 2022 முதல் இரண்டு ஆண்டுகள் 159 பவுண்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. விலைவாசி பறந்த இரண்டு வருடம் அது. 2025 ஏப்ரலில் 174.50 ஆனது, அதற்குள் நிறைய விட்டுப்போய்விட்டது. ஐடிவி, சேனல் 4 இரண்டையும் 2023இன் விளம்பரச் சரிவு அடித்தது.

3. அமெரிக்கக் கூட்டாளி விலகினார். அந்த 2 லட்சம் சின்னதாகத் தெரிந்தாலும் அது இல்லாமல் தொடர் நகராது. அமெரிக்க நிறுவனங்கள் செலவைச் சுருக்கத் தொடங்கியதும், 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர், நடிகர் வேலைநிறுத்தங்களும் சேர்ந்து அந்த ஊற்று வற்றியது. உலகம் முழுக்கத் தானே நேரடியாக ஒளிபரப்பும் தளத்துக்கு, பிரிட்டன் உரிமை இல்லாத கூட்டுத் தொடரில் ஆர்வம் குறைவு.

4. வரிச் சலுகையின் வாசல்படி அப்படியே இருக்கிறது. 10 லட்சம் என்ற எல்லை 2013இலிருந்து மாறவில்லை. பிரம்மாண்டமான அமெரிக்கத் தொடருக்கும் உள்ளூர் கதைக்கும் ஒரே விகிதம். மணிக்கு 10 முதல் 30 லட்சம் பவுண்டில் எடுக்கும் நடுத்தர நாடகங்களுக்குக் கூடுதல் விகிதம் வேண்டும் என்று பாக்ட் கேட்டுவருகிறது.

இந்த நான்கும் ஒரே தொடரில் எப்படிக் கடிக்கும் என்பதற்கு பிபிசியின் 'வுல்ஃப் ஹால்' தொடர் சாட்சி. முதல் பாகம் 2015இல் வந்தது. இரண்டாவது 2024 நவம்பரில்தான் வந்தது. பணம் போதாததால் இயக்குநர் பீட்டர் கோஸ்மின்ஸ்கி, தயாரிப்பாளர், எழுத்தாளர், கதாநாயகன் மார்க் ரைலன்ஸ் ஆகியோர் தங்கள் சம்பளத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். இதை கோஸ்மின்ஸ்கியே நாடாளுமன்றக் குழுவுக்குச் சொன்னார். விருதுகளை அள்ளிய தொடரின் இரண்டாம் பாகத்துக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத எழுத்தாளரின் முதல் தொடருக்கு யார் சம்பளத்தை விட்டுக்கொடுப்பார்கள்?

இதில் அதிகம் அடிபட்டவர்கள் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள். பெரும்பாலோர் தொடருக்குத் தொடர் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்களின் சங்கமான பெக்டு 2024இல் எடுத்த கருத்துக்கணிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை இல்லாமல் இருப்பதாகச் சொன்னார்கள்.

தொடரை விற்பதைவிடக் கம்பெனியை விற்பது

உரிமை தயாரிப்பாளரிடம் சேரத் தொடங்கியதும் தயாரிப்பு நிறுவனமே விலைபோகும் சொத்தானது. 'ஸ்பூக்ஸ்' எடுத்த கூடோஸை 2006இல் ஷைன் வாங்கியது; ஷைனை 2011இல் நியூஸ் கார்ப் வாங்கியது; பிறகு எண்டமோலோடு இணைந்து, 2020இல் எல்லாம் சேர்ந்து பிரெஞ்சு நிறுவனமான பனிஜேயின் கைக்குப் போனது. 'டவுன்டன் ஆபி' எடுத்த கார்னிவல் 2008இல் என்பிசி யுனிவர்சலுக்கு. 'தி கிரவுன்' எடுத்த லெஃப்ட் பேங்க் 2007இல் பிறந்து 2012இலேயே சோனிக்கு. மான்செஸ்டரின் ரெட் 2013இல் ஸ்டூடியோகனாலுக்கு. வேல்ஸின் பேட் வுல்ஃப் 2021இல் மறுபடியும் சோனிக்கு.

விற்பது துரோகமா? அப்படி நான் பார்க்கவில்லை. வளர்ப்புச் செலவை வருடக்கணக்கில் தாங்கவும், துண்டை நிரப்பவும் ஒரு பெரிய பை வேண்டும். தாய் நிறுவனத்துக்குச் சொந்தமாக விநியோகப் பிரிவு இருந்தால் பட்ஜெட்டின் மூன்றாவது இனமான விநியோகஸ்தர் முன்பணம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். விலை என்னவென்றால், பிரிட்டிஷ் தொடரின் லாபம் கடைசியில் டோக்கியோவுக்கோ பாரிஸுக்கோ போகிறது.

இங்கேதான் சட்ட வரையறையின் வேடிக்கை. சட்டம் பார்ப்பது பிரிட்டனில் சேனல் இருக்கிறதா என்பதை. உலகப் பெரும் ஸ்டுடியோ ஒன்றின் கிளை, அந்தத் தாய்க்குப் பிரிட்டனில் சேனல் இல்லையென்றால், இண்டி என்ற தகுதியோடு இருக்கலாம். 1990இல் தயாரிப்பாளர் டோனி கார்னெட் முதலானோர் தொடங்கிய வேர்ல்ட் புரொடக்‌ஷன்ஸ் 2017இல் ஐடிவி ஸ்டுடியோஸ் வசம் போனதால் அந்தத் தகுதி போனது. அவர்களுடைய 'லைன் ஆஃப் டியூட்டி' ஓடுவதோ பிபிசியில். ஆம், பிபிசியின் பெரிய வெற்றித் தொடரைத் தயாரிப்பது போட்டிச் சேனலின் பிள்ளை.

5 சதவீத லெவி: யார் என்ன சொல்கிறார்கள்

கோஸ்மின்ஸ்கி வைத்த யோசனை எளிமையானது. பிரிட்டிஷ் சந்தாதாரர்களிடமிருந்து ஓடிடி தளங்கள் பெறும் வருமானத்தில் 5 சதவீதத்தை லெவியாக, அதாவது கட்டாய வசூலாக எடுத்து ஒரு நிதியில் போட வேண்டும். உள்நாட்டு நாடகங்களின் துண்டை அதிலிருந்து நிரப்ப வேண்டும். 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் பண்பாட்டுக் குழு இதையே பரிந்துரைத்தது. தளங்கள் தாமாக 12 மாதத்துக்குள் செய்யாவிட்டால் சட்டம் போட வேண்டும் என்றது.

ஆதரிப்பவர்கள் பிரான்ஸைக் காட்டுகிறார்கள். அங்கே பெரிய தளங்கள் உள்நாட்டு வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுத் தயாரிப்புகளில் போட வேண்டும். எதிர்ப்பவர்களின் வாதமும் லேசானதல்ல: நாங்கள் ஏற்கெனவே இங்கே பெரும் பணம் போடுகிறோம், லெவி போட்டால் சந்தா ஏறும், முதலீடு வேறு நாட்டுக்குப் போகும். 2025 மே மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிநாட்டில் எடுக்கும் படங்களுக்கு 100 சதவீத வரி என்று மிரட்டியதும் இந்த நேரத்தில்தான். அமெரிக்க நிறுவனங்கள் மேல் புது வரி போட பிரிட்டிஷ் அரசுக்கு அது நல்ல தருணமாக இருக்கவில்லை. லெவி கொண்டுவரும் திட்டமில்லை என்று அரசு சொல்லிவிட்டது.

லெவி வந்தாலும் அது பள்ளத்தை நிரப்புமே தவிர, பள்ளம் விழும் காரணத்தைத் தொடாது. தொடவேண்டிய இடம் 2003 விதி. ஒரு தளம் முழு உரிமையையும் எடுத்துக்கொள்ளாமல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு தயாரிப்பாளருக்குத் திருப்பித்தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், வார்ப் ஃபிலிம்ஸ் மாதிரி ஒரு நிறுவனம் அடுத்த கதையைத் தன் காசில் வளர்க்கலாம். அது சொல்வதற்கு எளிது. தளங்கள் ஒப்பந்தத்தை வேறு நாட்டில் போட்டுக்கொள்வதை எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

இனி கவனிக்க வேண்டியவை

சேனல் 4 தானே நிகழ்ச்சி தயாரிக்கக் கூடாது என்று நெடுங்காலமாக இருந்த தடையை 2024இன் ஊடகச் சட்டம் நீக்கிவிட்டது. ஈடாக அது இண்டிகளிடம் வாங்க வேண்டிய அளவை 25 சதவீதத்திலிருந்து 35 ஆக உயர்த்தினார்கள். சேனல் 4 சொந்தத் தயாரிப்புப் பிரிவு தொடங்குவதாக 2025இல் அறிவித்துவிட்டது. இண்டிகளைப் பெற்றெடுத்த சேனலே இப்போது அவர்களுக்குப் போட்டி.

இன்னொன்று ஐடிவி. தன் சேனல்களையும் ஓடிடி தளத்தையும் சந்தா டிவி நிறுவனமான ஸ்கைக்கு விற்பது பற்றி ஆரம்பகட்டப் பேச்சு நடப்பதாக 2025 நவம்பரில் அது உறுதிசெய்தது. பேசப்பட்ட மதிப்பு 160 கோடி பவுண்ட். தயாரிப்புப் பிரிவான ஐடிவி ஸ்டுடியோஸ் அந்தப் பேச்சில் இல்லை. அப்படி ஒரு விற்பனை நடந்து, ஸ்டுடியோஸ் எந்தச் சேனலுக்கும் சொந்தமில்லாமல் தனியே நின்றால், இன்றைய வரையறைப்படி பார்க்கும்போது அது பிரிட்டனின் மிகப் பெரிய 'சுயாதீன' நிறுவனங்களில் ஒன்றாகிவிடும். வேர்ல்ட் புரொடக்‌ஷன்ஸும் ஒரு ஸ்கிரிப்ட்டைக்கூட மாற்றாமல் மறுபடி இண்டி ஆகிவிடும்.